லிவர்பூல் நால்வர் - 19: கடைசி டிக்கெட்

சென்ற வாரம் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் நிறுத்தினோம். 1965 ஆகஸ்ட் 15. பீட்டில்ஸைக் கேட்க வந்திருந்தவர்கள் 55,600 பேர். பாப் இசை கேட்க அதுவரை எங்கும் அவ்வளவு கூட்டம் திரண்டதில்லை. அக்டோபரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராணி கையால் பதக்கம். டிசம்பரில் 'ரப்பர் சோல்'. தொட்டதெல்லாம் துலங்கிய வருடம் அது.

அடுத்த ஆகஸ்டுக்குள் கதை தலைகீழாகிவிட்டது. 1966 ஆகஸ்ட் 29 இரவு சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையை விட்டு இறங்கிய பீட்டில்ஸ், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் முன்னால் அதன்பிறகு ஏறவே இல்லை. ரிங்கோவுக்கு அப்போது வயது 26. ஜானுக்கு 25. பாலுக்கு 24. எல்லோருக்கும் இளையவரான ஜார்ஜுக்கு 23. மற்றவர்கள் கச்சேரிக்கு வாய்ப்புத் தேடி அலைகிற வயதில், இவர்கள் கச்சேரியே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

ஏன்?

மணிலாவில் அடிபட்டார்கள், ஏசுவைப் பற்றி ஜான் வாய்விட்டு மாட்டிக்கொண்டார், பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பதில். தவறில்லை. இரண்டும் நடந்தவைதான், இரண்டையும் பார்க்கப்போகிறோம். ஆனால் அவை இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும், கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. விதை விழுந்த இடம் மணிலா இல்லை. லண்டனில், அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டுடியோ.

*

1966-ன் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் அடித்தது. மூன்றாவதாக நடிக்க வேண்டிய சினிமா கைவிடப்பட்டது. அதற்காக ஒதுக்கி வைத்திருந்த மூன்று மாதங்கள் அப்படியே கையில் நின்றன. பிரபலமானதிலிருந்து இப்படி ஒரு ஓய்வை அவர்கள் கண்டதே இல்லை.

ஏப்ரல் 6 அன்று ஸ்டுடியோவுக்குத் திரும்பினார்கள். முதல் ஆல்பத்துக்காக 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தவர்கள் இவர்கள். இந்த முறை ஒரு ஆல்பத்துக்கு ஜூன் 21 வரை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் 'ரிவால்வர்'.

முதல் நாள் எடுத்த பாட்டே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'டுமாரோ நெவர் நோஸ்'. தலாய் லாமா ஒரு மலையுச்சியில் நின்று ஓதுவதுபோலத் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் ஜான். எப்படி என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அது மற்றவர்கள் பாடு.

கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. உதவியாளராக இருந்து அப்போதுதான் பதவி உயர்வு பெற்றிருந்தார். ஹாமண்ட் ஆர்கனோடு இணைக்கிற லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி அங்கே இருந்தது. அதற்குள் ஒலி வரும் பாகம் சுழன்றுகொண்டே இருக்கும். ஜானின் குரலை அதற்குள் செலுத்தி, வெளியே வருவதை மைக் வைத்துப் பிடித்தார் எமெரிக். குரல் கரைந்து, சுழன்று, எங்கோ தூரத்திலிருந்து வந்தது. ஜானுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த நாள் நடந்தது இன்னும் வேடிக்கை. வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்த துண்டு டேப்புகளின் இரு முனைகளையும் ஒட்டி, வளையங்களாக்கி எடுத்து வந்திருந்தார் பால். வளையம் சுற்றச் சுற்ற ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். கடற்பறவை கத்துவதுபோல ஒன்று. ஆர்கெஸ்ட்ரா ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்பதுபோல இன்னொன்று. இவற்றை ஓட்டப் பல டேப் மெஷின்கள் வேண்டும். கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த மெஷின்களையெல்லாம் இணைத்தார்கள். டேப் தொய்ந்துவிடக் கூடாதே! வெள்ளைக் கோட்டு போட்ட ஈ.எம்.ஐ. ஊழியர்கள் மெஷினுக்கு ஒருவராக நின்று, வளையத்துக்குள் பென்சிலை விட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியும்வரை.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எமெரிக்கும் கன்ட்ரோல் ரூமில் ஒலியைக் கூட்டிக் குறைத்தார்கள். எந்த வளையம் எந்த நொடியில் மேலே வரும் என்பதை அந்த நேரத்துக் கைகள்தான் தீர்மானித்தன. மறுபடி அதேபோலச் செய்யச் சொன்னால் அவர்களாலேயே முடியாது.

இந்த ஆல்பம் முழுவதும் இப்படித்தான். 'எலினார் ரிக்பி'யில் நால்வரில் ஒருவர்கூட எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. அவற்றின் மேல் குரல்கள். ஜார்ஜின் 'லவ் யூ டூ'வில் சிதாரும் தபலாவும். இதே நாட்களில் பதிவாகி சிங்கிளின் மறுபக்கமாக வந்த 'ரெய்ன்' பாட்டின் முடிவில் குரல் பின்னோக்கி ஓடுகிறது.

கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதையெல்லாம் மேடையில் எப்படி வாசிப்பது?

கடைசிப் பாட்டு முடிந்த மூன்றாம் நாள், ஜூன் 24. அவர்கள் ஜெர்மனியில், மியூனிக் நகரில், மேடையில் நின்றார்கள்.

*

அந்தக் காலத்து மேடையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இன்று சின்ன ஊரின் திருவிழாக் கச்சேரியில்கூட பாடகரின் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும். தான் பாடுவது தனக்குக் கேட்க. 1966-ல் பீட்டில்ஸுக்கு அது கிடையாது. கிட்டார் ஒலி அவரவர் ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலிருந்து வரும். குரல், மைதானத்தில் பேஸ்பால் ஆட்ட அறிவிப்புகளுக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கி வழியாகப் போகும். அதற்கு எதிரே ஆயிரமாயிரம் பேரின் கூச்சல்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் ரிங்கோவுக்குப் பாட்டே கேட்காது. முன்னால் நிற்கும் மூவரின் முதுகு அசைவதையும் தலை ஆடுவதையும் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று ஊகிப்பார். ஹாம்பர்கில் இரவெல்லாம் வாசித்துக் கையைத் தீட்டிக்கொண்டவர்கள் இப்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். கேட்க யாரும் இல்லாதபோது எவ்வளவு நாள்தான் அக்கறையாக வாசிக்க முடியும்? ஒத்திகை பார்ப்பது குறைந்தது. ஷே மைதானத்தின் கடைசிப் பாட்டில் ஜான் முழங்கையாலேயே ஆர்கனை உருட்டித் தள்ளினார். யாருக்குத் தெரியப்போகிறது?

கூச்சல் அவர்களுக்கு எதிரி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒரு திரையாகவும் படுகிறது. பிசகையெல்லாம் அது மூடி மறைத்தது.

டோக்கியோவில் அந்தத் திரை விலகியது.

*

புயலால் விமானம் அலாஸ்காவுக்குத் திருப்பப்பட்டு, டோக்கியோவில் இறங்கியது ஜூன் 29 அதிகாலை. மூன்று நாளில் ஐந்து கச்சேரிகள். இடம், நிப்பான் புடோகான். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அரங்கம். தற்காப்புக் கலைகளுக்கான இடத்தில் மேல்நாட்டுக் கிட்டாரா என்று வலதுசாரி தேசியவாதிகள் கொதித்தார்கள். கொலை மிரட்டல்களும் வந்தன. அரசாங்கம் எந்த ஆபத்துக்கும் இடம்கொடுக்க விரும்பவில்லை. விமான நிலையத்திலிருந்து ஓட்டல்வரை போலீஸ். அரங்குக்குள்ளும் வரிசை வரிசையாகப் போலீஸ். ரசிகர்கள் எழுந்து நிற்கக் கூடாது.

கச்சேரி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஹில்டன் ஓட்டல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். வெளியே விடவில்லை. பொழுதுபோக ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து, நடுவில் ஒரு விளக்கை வைத்து, மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள். முடித்ததும் விளக்கை எடுத்தால் நடுவில் ஒரு வெற்று வட்டம். அதற்குள் நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். நால்வரும் சேர்ந்து வரைந்த முழு ஓவியம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

இனி மேடை. முதல் நாள் கச்சேரியை ஜப்பான் தொலைக்காட்சி வண்ணத்தில் படமெடுத்தது. இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் பாலின் மைக்கைக் கவனியுங்கள். ஸ்டாண்டில் சரியாக முடுக்காமல் விட்டதால் அது தானாகத் திரும்பித் திரும்பிப் போகிறது. பாடிக்கொண்டே அதைத் துரத்துகிறார் பால். கிட்டாரிலிருந்து கையை எடுத்து இழுத்து வைக்கிறார், மறுபடி போகிறது. உலகத்திலேயே அதிகம் சம்பாதிக்கும் இசைக்குழு, ஒரு திருகாணியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

கூட்டம் கத்தத்தான் செய்தது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தியது. பாட்டின் நடுவே அடங்கியும் போனது. அமெரிக்காவில் பழகிய காதுக்கு அது கிட்டத்தட்ட நிசப்தம். நீண்ட காலத்துக்குப் பிறகு அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டார்கள்.

கேட்டது நன்றாக இல்லை. ஸ்டுடியோவில் அடுக்கடுக்காக ஒட்டி எடுத்த 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டின் கூட்டுக்குரல்கள் மேடையில் மூன்று தனித்தனிக் குரல்களாகச் சிதறின. சுருதி தப்பியது. ரசிகர் கூச்சலில் குரலைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத இடம் அது. தங்கள் வாசிப்பு எந்த நிலைக்கு வந்துவிட்டது என்று நால்வருக்கும் உறைத்தது அங்கேதான். ஸ்டுடியோவில் உலகில் யாரும் தொடாத உயரம். மேடையில் கிளப்பில் வாசிக்கும் உள்ளூர்க் குழுவுக்கும் கீழே. இரண்டும் பத்தே நாள் இடைவெளியில்.

ஒரு வேடிக்கை. அவர்களை விரட்டத் துடித்த அதே புடோகான், அவர்கள் திறந்துவிட்ட கதவால் ராக் இசையின் புண்ணியத் தலமாகிவிட்டது. 1972-ல் டீப் பர்ப்பிள், 1978-ல் பாப் டிலனும் சீப் ட்ரிக்கும் அங்கே வாசித்துப் பதிவு செய்த ஆல்பங்கள் அரங்கின் பெயரை உலகெங்கும் கொண்டுபோயின.

*

மணிலா. ஜூலை 4. ரிஸால் நினைவு மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி. இரண்டுக்கும் சேர்த்து 80,000 பேர் வந்ததாகக் கணக்கு. கச்சேரியில் ஒரு குறையும் இல்லை. வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

அன்று காலை மலகனாங் அரண்மனையில் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் அவர்களுக்கு வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார். அதிகாரிகளின் பிள்ளைகள் சீவிச் சிங்காரித்துக் காத்திருந்தார்கள். டி.வி. கேமராக்கள் தயாராக இருந்தன. பீட்டில்ஸ் ஓட்டலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அழைத்துப்போக ஆள் வந்தபோது, வர முடியாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன்.

திமிர் இல்லை. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1964 பிப்ரவரியில் வாஷிங்டனின் பிரிட்டிஷ் தூதரக விருந்தில், யாரோ ஒரு விருந்தாளி ரிங்கோவின் தலைமுடியைக் கத்தரித்துவிட்டார். இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். இனி அரசாங்க விருந்தே வேண்டாம் என்று அன்று எடுத்த முடிவு, இரண்டு வருடம் கழித்து மணிலாவில் வெடித்தது.

மறுநாள் காலைப் பத்திரிகைகள் முழுக்க, அதிபர் குடும்பத்தை அவமதித்த பிரிட்டிஷ் பையன்கள்தான். முந்தைய இரவே எப்ஸ்டீன் டி.வி.யில் மன்னிப்புக் கேட்டார். அவர் முகம் வந்த நேரம் பார்த்துத் திரையில் இரைச்சல்; எதுவும் கேட்கவில்லை. அவர் முகம் போனதும் படம் தெளிந்தது. போலீஸ் பாதுகாப்பு விலகிக்கொண்டது. விமான நிலையத்தில் எஸ்கலேட்டர்கள் நின்றன. ஆம்ப்ளிஃபையர்களை அவர்களே படியில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. சுற்றிலும் ஆட்கள், சிலரிடம் துப்பாக்கி. தள்ளுமுள்ளு, உதை. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மால் எவன்ஸ் ஆறடிக்கும் மேற்பட்ட ஆஜானுபாகு. அவரே நிலைதடுமாறி விழுந்தார்.

எப்படியோ விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், எவன்ஸையும் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பேரோவையும் இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. காகிதங்களில் ஏதோ குளறுபடி என்றார்கள். இறங்கிப் போகும்போது, தன் மனைவியிடம் அன்பைச் சொல்லிவிடுங்கள் என்று ஜார்ஜிடம் சொல்லிவிட்டுப் போனார் எவன்ஸ். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. வரி என்ற பெயரில் பணம் கைமாறிய பிறகே விமானம் ஓடுதளத்தில் நகர்ந்தது.

அடுத்து இறங்கியது டெல்லியில். இந்தியாவில் தங்களை யாருக்கும் தெரியாது, நிம்மதியாக ஒரு நல்ல சிதார் வாங்கலாம் என்பது ஜார்ஜின் கணக்கு. விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பெயர் சொல்லிக் கூவியதில் அந்தக் கணக்கு பொய்த்தது. சிதார் மட்டும் கிடைத்தது. ரிக்கி ராம் கடையில் செய்தது.

லண்டனுக்குப் பறக்கும்போது எப்ஸ்டீனுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த ஆண்டும் டூர் உண்டா என்று பேச்சு வந்தபோது, ஒப்புக்கொண்ட அமெரிக்கப் பயணத்தோடு சரி என்றார்கள். ஹீத்ரோவில் நிருபர்கள் அடுத்து என்ன என்று கேட்டதற்கு, இரண்டு வாரம் தேறிக்கொண்டு அமெரிக்கர்களிடம் அடி வாங்கப் போகிறோம் என்று ஜார்ஜ் கேலியாகச் சொன்னார்.

கேலி என்றுதான் நினைத்திருப்பார்.

*

அந்த ஆண்டு மார்ச் 4 அன்று லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில், தோழி மவுரீன் கிளீவுக்கு ஜான் அளித்த பேட்டி வந்திருந்தது. கிறிஸ்தவம் மங்கி வருகிறது, இன்று ஏசுவைவிட நாங்கள் பிரபலம் என்ற பொருளில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. படித்தார்கள், மடித்து வைத்தார்கள்.

ஜூலை கடைசியில் அமெரிக்காவின் 'டேட்புக்' என்ற இளைஞர் பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. அட்டையில் அதற்கு மேலேயே, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்தப்படும் விதத்தைச் சாடி பால் சொன்ன காட்டமான வாசகமும் இருந்தது. தென் மாநிலங்கள் பிடித்துக்கொண்டது ஏசுவை மட்டும். தங்கள் நிறவெறியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டு, கடவுளின் சார்பில் கோபப்படுவது வசதியாக இருந்திருக்கும்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு வானொலி நிலையம் பீட்டில்ஸ் பாடல்களைத் தடை செய்ய, பல ஊர்கள் பின்தொடர்ந்தன. இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். டெக்சஸின் லாங்வியூ நகரில் ஒரு வானொலி நிலையம் ஆகஸ்ட் 13 அன்று இப்படிச் சொக்கப்பனை கொளுத்தியது. மறுநாள் அதன் கோபுரத்தில் இடி விழுந்து ஒலிபரப்பே நின்றுபோனது. இதற்கு யார் என்ன விளக்கம் கொடுத்தார்களோ!

பயணத்தையே ரத்து செய்யலாமா என்று யோசித்த எப்ஸ்டீன், ஜானை மன்னிப்புக் கேட்க வைப்பது என்று முடிவெடுத்தார். ஆகஸ்ட் 11, சிகாகோ ஓட்டல் அறை. நிருபர்கள், கேமராக்கள், பல்ப் வெளிச்சம். எதற்கும் வளையாத ஜான் வெளிறிப்போயிருந்தார். ஏசுவைவிட டி.வி. பிரபலம் என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன் என்றார். நாங்கள் ஏசுவைவிட உயர்ந்தவர்கள் என்று சொல்லவில்லை என்றார். கேள்வி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கிறீர்களா? கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னார்.

ஆகஸ்ட் 19, மெம்ஃபிஸ். உங்களுக்கு இங்கே வரவேற்பு இல்லை என்று நகர நிர்வாகமே தீர்மானம் போட்ட ஊர். வெளியே கூ க்ளக்ஸ் கிளான் ஆட்கள் வெள்ளை அங்கியில். இரண்டாவது காட்சியின் நடுவே கூட்டத்திலிருந்து ஒரு பட்டாசு வந்து விழுந்து வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் என்றே நினைத்தார்கள். வாசித்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விழப்போவது யார்?

யாரும் விழவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

*

இனிமேல் வேண்டாம் என்பதில் ஜார்ஜ் எப்போதோ உறுதியாகிவிட்டார். ஜானும் அவர் பக்கம்தான். ரிங்கோ மறுக்கவில்லை. மசியாமல் நின்றவர் பால். மேடை அவருக்கு மூச்சு. நேரில் வாசித்தால்தான் குழு கூர்மையாக இருக்கும், அதை விட்டால் துருப்பிடித்துவிடுவோம் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். பால் சம்மதிக்காதவரை முடிவு முடிவாகாது.

ஆகஸ்ட் 20 சின்சினாட்டியில் மழை. மேடைக்குச் சரியான கூரை இல்லை. மின்சாரக் கருவிகள் நனைந்து நின்றன. தொட்டால் உயிர் போகும். கச்சேரியை மறுநாள் நண்பகலுக்குத் தள்ளிவைத்தார்கள். 21-ம் தேதி பகலில் அங்கே வாசித்துவிட்டு, மூட்டை கட்டி, விமானம் ஏறி, அன்று இரவே செயின்ட் லூயிஸ். அங்கேயும் மழை. தலைக்கு மேல் ஒப்புக்குக் கட்டிய மறைப்பு. தண்ணீர் ஆம்ப்ளிஃபையர்கள் மேல் சொட்டியது. மைக்கைத் தொடப் பயந்துகொண்டே அரைமணி நேரத்தை ஓட்டினார்கள்.

முடிந்ததும் வழக்கம்போல ஓட்டம். ரசிகர்கள் கண்ணில் படாமல் கடத்த மூடிய வேன் ஒன்று நின்றது. உள்ளே இருக்கை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. வழுவழுவென்ற உலோகத் தகடு மட்டும். வேன் திரும்பும்போதெல்லாம் உலகப் புகழ்பெற்ற நால்வரும் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்கு வழுக்கிக்கொண்டு போனார்கள். ஈரச் சட்டையோடு.

அந்த வேனுக்குள்தான் பால் ஒப்புக்கொண்டார். நீங்கள் சொல்வது சரிதான், எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது என்று ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். இதைத்தானே இத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள் மற்றவர்கள்.

மணிலாவின் உதையும் மெம்ஃபிஸின் வெடியும் செய்யாததை ஒரு மழையிரவு செய்தது. நால்வரில் ஒருவர் மாறியதால் வரலாறு திரும்பியது என்று பெரிதாகச் சொல்ல ஆசைதான். ஆனால் பாலும் டோக்கியோவில் இருந்தவர். தன் காதால் கேட்டவர்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஷே மைதானம். சென்ற ஆண்டு நிரம்பி வழிந்த இடத்தில் இந்த முறை சுமார் 11,000 இருக்கைகள் காலி.

*

ஆகஸ்ட் 29. சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். விரிகுடாவை ஒட்டிய பேஸ்பால் மைதானம். கோடையிலும் குளிர்காற்று அறையும் இடம். 42,500 இருக்கைகளில் விற்றது 25,000. நடத்தியவர்களுக்கு நஷ்டம். ஆட்டத்தளத்தின் நடுவே உயரமான மேடை, சுற்றி ஆறடிக் கம்பி வேலி. கூட்டம் தூரத்தில், கேலரியில். நால்வரும் வந்தது பணம் கொண்டுபோகும் கவச வண்டியில்.

இதுதான் கடைசி என்று கூட்டத்துக்குத் தெரியாது. நால்வருக்கும், கூட வந்த ஓரிருவருக்கும் மட்டும் தெரியும். எப்ஸ்டீன் அன்று அங்கே இல்லை. அவருடைய பெட்டி ஒன்று திருடுபோன விவகாரத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கிவிட்டார். லிவர்பூலில் ஒரு நிலவறை கிளப்பில் இவர்களைக் கண்டெடுத்து, தோல் ஜாக்கெட்டைக் கழற்றி சூட்டு மாட்டி, மேடையில் குனிந்து வணக்கம் சொல்லப் பழக்கியவர், அவர்களின் கடைசிக் கச்சேரியைப் பார்க்கவில்லை.

மேடை ஏறுமுன் பால், பேரோவைக் கூப்பிட்டார். உங்கள் கேசட் ரெக்கார்டரில் இன்றைக்குப் பதிவு செய்யுங்கள் என்றார். பேரோ மைதானத்தில் நின்று மைக்கைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கேமராக்களையும் மேடைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பாட்டுகளுக்கு இடையில் கூட்டத்தையும் தங்களையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பதினோரு பாட்டுகள். முதலில் சக் பெரியின் 'ராக் அண்ட் ரோல் மியூசிக்'. 'யெஸ்டர்டே' பாட்டை, இசைத்தட்டில் இருக்கும் வயலின்களும் செல்லோவும் இல்லாமல் மின்சாரக் கிட்டார்களை வைத்தே ஒப்பேற்றினார்கள். மூன்று வாரத்துக்கு முன் வெளியான 'ரிவால்வர்' உலகமெங்கும் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு பாட்டுகூட அன்று வாசிக்கவில்லை. அந்தப் பயணம் முழுவதிலுமே வாசிக்கவில்லை. புதிய ஆல்பத்தை விற்கத்தான் டூர் போவார்கள். இவர்கள் கைவிடப்போகிற பழைய தங்களை வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

கடைசிப் பாட்டு, லிட்டில் ரிச்சர்டின் 'லாங் டால் சாலி'. லிவர்பூல், ஹாம்பர்க் நாட்களிலிருந்து பால் தொண்டை கிழியப் பாடிவந்தது. பேரோவின் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். கச்சேரி 33 நிமிடம். கடைசிப் பாட்டு முடிவதற்குள் டேப் தீர்ந்துபோனது.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும், அவ்வளவுதான், இனி நான் பீட்டில் இல்லை என்ற பொருளில் ஜார்ஜ் சொன்னார். சோகமாக இல்லை. விடுதலையானவரைப் போல.

*

அறிவிப்பு எதுவும் வரவில்லை. நால்வரும் நாலு திசைக்குப் போனார்கள். ஜார்ஜ் பம்பாய்க்கு வந்து ரவி சங்கரிடம் சிதார் பயின்றார். ஜான் ஒரு படத்தில் நடிக்க ஸ்பெயினுக்குப் போனார். படப்பிடிப்பு இடைவெளிகளில், லிவர்பூலில் தன் சிறுவயது வீட்டருகே இருந்த ஒரு விடுதித் தோட்டத்தை வைத்து மெதுவான ஒரு பாட்டைப் பின்னிக்கொண்டிருந்தார். பால் ஒரு சினிமாவுக்கு இசையமைத்தார். கிறிஸ்துமஸுக்குப் புதிய ஆல்பம் இல்லை. ஈ.எம்.ஐ. வேறு வழியின்றிப் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. குழு கலைந்துவிட்டதா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின.

கேள்வியில் நியாயம் இருந்தது. உச்சப் புகழில் இருக்கும் பாப் குழு கச்சேரியைக் கைவிடுவது அதுவரை கேள்விப்படாதது. கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964-ல் மேடையைத் துறந்து ஸ்டுடியோவோடு நின்றிருந்தார். ஆனால் அவர் தனி ஆள். இவர்களை நம்பி ஒரு கம்பெனி இருந்தது, டஜன் கணக்கில் ஊழியர்கள் இருந்தார்கள், ரசிகர் மன்றங்கள் இருந்தன. பின்னால் 1974-ல் ஸ்டீலி டானும் 1982-ல் எக்ஸ்.டி.சி.யும் இதே வழியில் நடந்தார்கள். மேடை ஒலியும் தேறியது. இவர்கள் கடைசியாக வாசித்த அதே சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில், 1974-ல் கிரேட்ஃபுல் டெட் குழு, வாசிப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் ஒன்றுபோலக் கேட்கும்படி ஸ்பீக்கர்களாலேயே ஒரு பெருஞ்சுவர் எழுப்பியது. எட்டு வருடம் முன்னால் அது இருந்திருந்தால் என்ற நினைப்பு வராமல் இல்லை.

1966 நவம்பர் 24 மாலை அபே ரோட்டின் இரண்டாம் எண் ஸ்டுடியோவில் நால்வரும் மறுபடி கூடினார்கள். ஜான் கிட்டாரை எடுத்து, ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பாட்டை ஜார்ஜ் மார்ட்டினுக்குப் பாடிக் காட்டினார். கச்சேரி இல்லை, சினிமா இல்லை, முடிக்க வேண்டிய தேதியும் இல்லை. அந்த ஒரு பாட்டே பல வாரங்களைத் தின்னப்போகிறது.

ஆனால் இனி வேலையில்லாத ஒருவர் இருந்தார் என்றால், அது அந்த அறையில் இல்லாத பிரையன் எப்ஸ்டீன்தான். ஊர், தேதி, அரங்கம், ஓட்டல், விமானம், பாதுகாப்பு. ஐந்து வருடமாக அவர் வாழ்க்கை அதுதான். பதிவு வேலையில் அவருக்கு ஒருபோதும் இடம் இருந்ததில்லை. அது மார்ட்டினின் ராஜ்யம். நால்வரோடு அவர் போட்ட ஒப்பந்தம் 1967 அக்டோபரில் முடிகிறது. வருமானத்தில் 25 சதவீதம் அவருக்கு.

டூரே இல்லாத குழு, அந்தக் காகிதத்தில் மறுபடி கையெழுத்துப் போடுமா?

(தொடரும்)